ஓட்டிப் பார்க்கட்டும்

சூலியா தெருவில் கணினிக் கடை வைத்திருக்கும் இக்மல், மதியமே பாயான் பாருவில் நோர்மாவின் வீட்டுக்கு வந்துவிட்டான். அவள் மகன் ஃபிக்ரியின் கார் ரேஸ் விளையாட்டு ஒரு மாதமாகத் திரையில் உறைந்து நிற்கிறதாம்.

"விண்டோஸ் போட்டா உடனே ஓடும்கா" என்றான் இக்மல்.

"வேணாம் தம்பி. அவனுக்கு லினக்ஸ்தான் பிடிக்கும். மாத்தினா கோபப்படுவான்."

இக்மல் நாற்காலியில் அமர்ந்து பார்த்தான். "போன மாசம் லினக்ஸ அப்டேட் பண்ணியிருக்கீங்க. இந்தப் பழைய கிராபிக்ஸ் கார்டு அதுக்கு ஒத்துவராதுக்கா."

"அவன்தான் பண்ணினான்."

"எதுக்கும் இருக்கட்டும்னு ஒத்துப்போற கார்டு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

கார்டை மாற்றி விளையாட்டைத் திறந்தான். திரையில் கார் தயாராக நின்றது.

"ஃபிக்ரியக் கூப்பிடுங்க லா. ஓட்டிப் பார்க்கட்டும்."

நோர்மா தயங்கினாள். "நீங்க கொஞ்சம் எந்திரிங்க தம்பி. பாவம், அவன் அப்போலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கான்."

இக்மல் திரும்பினான். அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

"அவன் மவுத்தாகி, எங்களை விட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அப்புறமும் தினமும் வந்து விளையாடுவான். இது நின்னதிலேர்ந்து வீடே சத்தமில்லாமப் போச்சு."

இக்மல் துள்ளி எழுந்தான். நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது. யாரும் தொடாமலே கார் சீறிக் கிளம்பியது. வாசலை நோக்கி ஓடப் பார்த்தவன், நோர்மாவின் முகத்தைக் கண்டு நின்றான். அவள் கண் கலங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

விளையாட்டின் இன்னொரு கண்ட்ரோலரை இக்மலிடம் நீட்டினாள். "எப்பவும் தனியாவே விளையாடுறான். ஒரே ஒரு ரவுண்டு அவன்கூட ஓட்டுறீங்களா?"

இக்மல் அதை வாங்கிக்கொண்டான்.