பங்கில் வராத டைனமோ

எண்ணெய்த் துணியைப் பிரிக்கும்போதே அவருக்குச் சந்தேகம்தான்.

உள்ளே செங்கல் இருந்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

டைனமோதான் இருந்தது. ஒரு சாண் நீள இரும்பு உருளை. அப்பா விட்டுப்போன இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளிலிருந்து தம்பி பால்வண்ணம் கழற்றிக்கொண்டு போனது. இருபத்தாறு வருஷம் ஆகிறது.

கொண்டுவந்த தம்பி மருமகள் செண்பகம் வாசல்படியில் நின்றாள். அவர் உட்காரச் சொல்லவில்லை. அவளும் உட்காரவில்லை.

“மாமாவுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இத மாட்டிப் பாக்கச் சொன்னாவ. சார்ஜ் முள்ளு ஏறிச்சுன்னா வண்டிய எடுத்துக்கிட்டு ஒரு நடை வந்துட்டுப் போவீங்களாம். அண்ணன் மொகத்தப் பாக்கணும்னு கெடக்காவ, பெரிய மாமா.”

“ஏறலேன்னா?”

அவள் தரையில் கிடந்த எண்ணெய்த் துணியைப் பார்த்தாள்.

ஏறாது என்று அவருக்குத் தெரியும். ஏறக்கூடாது.

பாகம் பிரித்த அன்று, வண்டி மூத்தவனுக்கு என்று பெரிய மனுஷர்கள் நாலு பேர் சொன்னார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் டைனமோ இருந்த இடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

‘வண்டின்னுதானல சொன்னாங்க. டைனமோன்னு எவன் சொன்னான்?’ பால்வண்ணம் டீக்கடையில் நின்று சிரித்தானாம்.

அது இல்லாமலும் எஞ்சின் ஓடும். விளக்குதான் எரியாது.

எங்கே போனாலும் பொழுது சாயுமுன் திரும்பினார். ‘வேற ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?’ என்று ஆவுடையம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெண்டாட்டி சொன்னாள் என்று வாங்கினால் அவன் எடுத்தது சரி என்று ஆகிவிடும். வாங்கவில்லை.

ஓர் ஐப்பசி மழை ராத்திரியில் அவளுக்கு மூச்சு முட்டியது. பின்னால் உட்கார வைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். வாய்க்கால் கரையில் இருட்டைத் தடவித் தடவித்தான் வண்டியை ஓட்ட முடிந்தது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு இல்லை. அந்த முடிச்சை நர்ஸ்தான் அவிழ்த்தாள். அவர் கை வரவில்லை.

அன்றைக்கு அறுந்தது தம்பி உறவு.

மூடியைக் கழற்றினார். உள்ளே கார்பன் பிரஷ் இரண்டும் புதுசு. செம்புப் பட்டைகளில் ஒரு கீறல் இல்லை. தண்டைச் சுற்றிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. கிரீஸ்கூட இந்த வருஷத்துக் கிரீஸ்.

எரிச்சலாக வந்தது.

திருடின பொருளைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தால் திருட்டு இல்லையா?

மாட்டினார். பல்லோடு பல் கோத்தது. அதைப் பிடிக்கும் இரும்புப் பட்டையை முறுக்கினார். ரெகுலேட்டர் பெட்டியைத் திறந்து உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்தார். எர்த் ஒயரைச் சுரண்டிக் கட்டினார். பேட்டரி இல்லை. பக்கத்துக் காய்கறிக் கடைக்குப் போய், தராசு மெஷினிலிருந்து ஆறு வோல்ட் பேட்டரியை இரவல் வாங்கி வந்தார். கடைக்காரன் முறைத்தான். “பொழுதுபட வந்துரும்லே” என்றார்.

மெக்கானிக் வேலையில் மட்டும் அவர் பொய் சொன்னதில்லை. பழுது என்றால் பழுது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது உதையில் எஞ்சின் எழுந்தது.

ஹெட்லைட் மேல் இருந்த சார்ஜ் முள்ளைப் பார்த்தார்.

நடுவில், பூஜ்யத்திலேயே நின்றது.

ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். தெரு அதிர்ந்தது. முள் அசையவில்லை.

நெஞ்சு குளிர்ந்தது. எத்தனையோ வருஷம் கழித்து ஒரு குளிர்ச்சி.

எஞ்சினை அணைத்தார். அணைத்த பிறகுதான் அவருடைய கை தானாக ஓர் ஒயரைத் தேடி எடுத்தது. ஒரு முனையைப் பேட்டரியில் சொருகியது. பழக்கம்.

நெடுநாள் சும்மா கிடந்த டைனமோவுக்குக் காந்தம் போய்விடும். பழுது இல்லை, உறக்கம். பேட்டரி ஒயரை அதன் முனையில் ஒரு தொடு தொட்டால் போதும். ஒரு பொறி தெறிக்கும். அப்புறம் உதைத்தால் முள் ஏறும்.

இந்தக் காலத்தில் இது எவனுக்குத் தெரியும்?

மறு முனை அவர் விரலிடுக்கில் இருந்தது. தொடுவதற்கு நாலு விரற்கடை.

துண்டு முடிச்சின் ஈரம் இடுப்பில் இன்னும் இருந்தது.

“ஏறல. செத்துப்போச்சு. போய்ச் சொல்லு” என்றார்.

செண்பகம் தலையை ஆட்டினாள். எண்ணெய்த் துணியை எடுத்து நாலாக மடித்தாள். படி இறங்கினாள். இறங்கியவள் நின்றாள்.

“ஏறலன்னு சொன்னா மட்டும் ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாவ பெரிய மாமா.”

“என்னத்த?”

“ஒயர ஒரு தொடு தொட்டுப் பாத்தீங்களான்னு.”

தெருவில் ஒரு மீன்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் முக்குத் திரும்பி மறைந்தது.

“தொட்டாச்சுன்னு சொல்லு.”

அவள் போகவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை.

ஒயரை இன்னும் விடாத அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.