ரெண்டு செலவு எதுக்கு?

"எக்ஸ்பிரஸ் வேண்டாம். செத்த நேரம் நில்லு, டவுன் பஸ் வரும். அதுல பொம்பளையாளுக்கு டிக்கெட் கிடையாதுல்ல" என்றான் ராம்குமார்.

ராஜபாளையம் பஸ் நிலையத்தில் பாண்டீஸ்வரி கணவனை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னைக்கு ஒரு நாளாவது காசு பாக்காம இருக்கக் கூடாதா?"

"காசு பாத்ததாலதான செட்டியார்பட்டியில இடம் வாங்க முடிஞ்சது? மில் கேன்டீன்ல நான் ஒரு டீ குடிச்சிருப்பேனா?"

"பால் சட்டியைக் கழுவி அந்தத் தண்ணியில டீ போடச் சொன்ன ஆளுதான நீங்க? பிள்ளை பெத்துக்கிறதைக்கூட வீடு கட்டுன பொறவு பாத்துக்கிடலாம்னுட்டீக."

பஸ் வந்தது. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் அவள் கேட்டாள். "ஒன்னா உக்காந்து ஒரு காப்பி குடிப்போமா? கடையில குடிச்சு எம்புட்டு நாளாச்சு!"

"கடைக் காப்பி என்ன விலை விக்குது தெரியுமா? பேசாம வா."

கோர்ட்டு வராந்தாவில் வக்கீல் காத்திருந்தார். விவாகரத்து மனுவை நீட்டினார். "ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியிறதா எழுதியிருக்கேன். மனசு மாறியிருந்தா இப்பவே சொல்லிருங்க."

பேனாவை வாங்கிய பாண்டீஸ்வரி கையெழுத்துப் போடாமல் ராம்குமாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தம்மா யோசிக்கிறாங்க போல. வேணும்னா அவங்களுக்குத் தனியா ஒரு வக்கீல் வச்சுக் கேட்டுக்கிடலாம்" என்றார் வக்கீல்.

"ரெண்டு செலவு எதுக்கு சார்? எங்க ரெண்டு பேருக்கும் நீங்க ஒருத்தரே போதும்" என்றான் ராம்குமார் அவசரமாக.

பாண்டீஸ்வரி குனிந்து, வக்கீல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.