கிடை போட்ட நிலம்

பிடுங்கிய கன்றை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

புளியங்கன்று இல்லை.

சீமைக்கருவேலம்.

குனிந்து அடுத்ததைப் பிடுங்கினாள். அதுவும் அதுதான். கணுக்கால் உயரக் குதிரைவாலிப் பயிருக்கு நடுவே, எங்கே பார்த்தாலும் இரண்டிரண்டு இலைகள். மழை விடாமல் பெய்த நாட்களில் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மேலே விரல் நீளம். கீழே வேர் ஒரு சாண்.

ஒரு காலத்தில் இந்த நிலம் முழுக்க அந்த மரம்தான்.

அவளோடு சேர்த்துப் பதினோரு பெண்கள். எல்லோரும் கரிமூட்டத்துக் கூலிகள். அடுத்தவன் காட்டில் கருவேலம் வெட்டி, அடுத்தவன் மூட்டத்தில் வெந்தவர்கள். சேர்ந்து இந்தத் தரிசை வாங்கினார்கள். ஒரே பட்டா. தூரோடு தோண்டி எறிந்தார்கள். வரப்பை உயர்த்தினார்கள். குட்டை வெட்டினார்கள். தண்ணீர் நின்றது. புல் வந்தது. புல்லுக்குப் பின்னால் கௌதாரி வந்தது.

மண்ணுக்கு எரு வேண்டும், ஆட்டுக்கிடை போடலாம் என்றது அவள்தான்.

அவள் அண்ணனின் ஆடுகள். ஆடி மாதம். மேய்ச்சலில் ஒரு புல் கிடையாது. ஆடுகள் பகலெல்லாம் கருவேலங்காய் தின்றன. இரவெல்லாம் இந்த மண்ணில் புழுக்கை போட்டன.

ஆட்டு வயிற்றில் காய் செரிக்கும். விதை செரிக்காது.

பதினோரு பேருக்கும் தெரிந்த விஷயம். எருவைப் பார்த்த சந்தோஷத்தில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

இன்றைக்கு சர்வேயர் வருகிறார். நிலத்தைப் பதினோரு துண்டாக அளக்க.

வேண்டாம் என்று கடைசிவரை நின்றது அவள் மட்டும். துண்டானால் குட்டை ஒருத்திக்குப் போகும். வரப்பை இன்னொருத்தி உடைப்பாள். கைமுடை வந்தவள் விற்பாள். ஒரு துண்டை வைத்துக்கொண்டு யாரும் பிழைக்க முடியாது. திரும்பவும் கரிமூட்டம்தான்.

இந்த வெள்ளாமை வரட்டும், பார்த்துவிட்டுப் பிரிக்கலாம் என்று சர்வேயர் முன்னாலேயே கெஞ்சிப் பார்க்க நினைத்திருந்தாள்.

மற்ற பெண்கள் இதைப் பார்த்தார்களென்றால் கெஞ்சவும் வாய் இருக்காது.

வேகமாகப் பிடுங்கினாள். பிடுங்கிப் பிடுங்கி மடியில் போட்டாள்.

அவசரத்தில் பாதிக் கன்றுகள் வேர் இல்லாமல் தலை மட்டும் அறுந்து வந்தன. அறுந்தது சாகாது. அடியிலிருந்து இரண்டாகத் துளிர்க்கும்.

கண்ணுக்குத் தெரியாமல் செய்ய, தலை போனால் போதும்.

கை ஒரு நொடி நின்றது.

பிறகு மறுபடி ஓடியது.

வரப்பில் யாரோ செருமினார்கள்.

இருளாயி. பிரித்தே தீர வேண்டும் என்று ஆரம்பித்தவள். தூர் தோண்டும்போது முள் அடித்து ஒரு கண்ணைப் பறிகொடுத்தவள். நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவளுக்கும் எனக்கும் ஒரே பங்கா என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் தப்பில்லை.

தலையில் ஒரு சுமைக்கட்டு. எல்லைக்கு அடிக்கச் சீவிய முளைக்குச்சிகள்.

"மடியில என்னத்தா?"

அவள் மடியை இறுக்கிக்கொண்டாள்.

இருளாயி இறங்கி வந்தாள். சுமையை ஒரு கையால் பிடித்தபடி குனிந்து, நல்ல கண்ணைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ம். ஒங்கண்ணன் தங்கச்சிக்குச் சீர் செஞ்சுட்டுத்தான் போயிருக்கான்."

"மதினி..."

"பேசாத. புடுங்குற லெச்சணத்தப் பாரு. கோழிய உரிக்கிறாளாம்."

தலைச்சுமையை இறக்காமலே நடந்தாள். கிடை போட்டது மேல்பக்கம் மட்டும்தான். இருளாயி கீழ்ப்பக்கம் போனாள். அங்கேயும் குனிந்தாள். இன்னும் தள்ளிப் போய்க் குனிந்தாள். மழை புழுக்கையை ஒரு இடம் விடாமல் இழுத்துப் போயிருந்தது. குட்டைக்கரை வரை இரண்டிரண்டு இலை.

பதினோரு துண்டாக அளந்தாலும் இது இல்லாத துண்டு ஒன்றுகூட இருக்காது.

திரும்பி வந்து கட்டைப் பொத்தென்று போட்டாள். ஒரு முளையை உருவினாள். கன்றின் பக்கத்தில் சாய்வாக இறக்கி நெம்பினாள். வேர் எலிவால் மாதிரி நுனிவரை வந்தது.

அடுத்த கன்றுக்கு நகர்ந்தாள்.

அவள் மடியை உதறிவிட்டு ஒரு முளையை எடுத்துக்கொண்டாள். அறுத்துவிட்டு வந்த இடத்துக்கே போய், முதலிலிருந்து தோண்டினாள்.

இரண்டு பேரும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் முடித்திருந்தார்கள். அதற்குள் மற்ற பெண்கள் வந்துவிட்டார்கள். பின்னாலேயே பைக்கில் சர்வேயர்.

பெண்கள் வரப்பிலிருந்தே கன்றுகளைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். அவளை ஏச வாயைத் திறக்கப் போனார்கள்.

"எந்த மூலையிலேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்றார் சர்வேயர்.

இருளாயி நிமிரவில்லை.

"சும்மா வர வச்சுட்டோம், கோவிச்சுக்கிராதீங்க சார். நெலம் சுத்தமில்ல. இந்தக் கன்னு பூராம் எடுத்து முடிச்சுட்டு ஆள் விடுறோம். அன்னைக்கு வந்து அளங்க."

"ஒண்ணு ரெண்டு கிடந்தா என்னம்மா?"

"ஒண்ணுகூட இருக்கக் கூடாது சார்."

சர்வேயர் நிலத்தைப் பார்த்தார். சலித்துக்கொண்டே பைக்கைத் திருப்பினார்.



மண்ணுக்குள் போன கருவேல விதை ஒரே மழையில் முளைத்துத் தீராது. இந்த வருஷம் கொஞ்சம் வரும். அடுத்த வருஷம் கொஞ்சம். பத்து வருஷம் கிடந்து வருவதும் உண்டு.

வரப்பில் நின்ற ஒவ்வொருத்திக்கும் அது தெரியும்.

பைக் சத்தம் தேயும்வரை ஒருத்தியும் சர்வேயரைத் திரும்பக் கூப்பிடவில்லை.