மிதிச்சாச்சுன்னு சொல்லுங்க, பாய்!

"இந்த வேனுக்காவது பிரேக் இருக்கு. உன் வாய்க்கு அதுவும் இல்ல!"

வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை வைத்துக்கொண்டு நல்லசிவம் அண்ணாச்சி பெண்டாட்டியைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டார். விருந்தாளிகள் வேறு சிரித்துத் தொலைத்தார்கள். அதோடு சண்முகவடிவு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

தி. நகரில் அண்ணாச்சிக்குச் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை, துணி ஏற்ற ஒரு பழைய வேன். பக்கத்து வீட்டு பீர் முஹம்மது, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, தூது போகும் வேலை அவர் தலையில் விழுந்தது.

"பாய், சாயங்கால ரயிலுக்கு நான் பாளையங்கோட்டை போறேன். என்னை எந்த வேன்ல இந்த வீட்டுக்குக் கூட்டியாந்தாகளோ, அதே வேன்ல எழும்பூர்ல கொண்டுவிடச் சொல்லுங்க."

"தாராளமா விடறேன்னு சொல்லுங்க பாய். ஆனா பிரேக் லைனிங் தேஞ்சு கிடக்கு. மாத்தாம வண்டிய எடுக்கமாட்டேன்."

வாசலிலேயே ஜாக்கி போட்டு, சக்கரங்களைக் கழற்றினார்கள். அண்ணாச்சியும் இந்த வேலையில் லேசுப்பட்டவரில்லை. மத்தியானத்துக்குள் புது லைனிங் ஏறிவிட்டது.

பாக்கி ஒரே ஒரு வேலை. பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருந்தது. ஒருத்தர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். இன்னொருத்தர் கீழே படுத்து, ஒரு திருகைத் திறந்து திறந்து மூட வேண்டும். காற்று போய்விடும்.

"நான் மிதிக்கிறேன், அண்ணாச்சி" என்றார் பீர்.

"நீங்க எதுக்கு? ஊருக்குப் போறது யாரு? போறவங்களே மிதிக்கட்டும்!"

"மிதிக்கத் தெரியாதுன்னு நெனச்சாகளாக்கும்? தள்ளுங்க பாய்."

சண்முகவடிவு சேலையைச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். எதை மிதிப்பது என்று பீர் காட்டிக் கொடுத்தார். அண்ணாச்சி ஸ்பேனரோடு வேனுக்கு அடியில் போனார்.

"மிதிக்கச் சொல்லுங்க பாய்!"

"மிதிங்க, தங்கச்சி!"

"மிதிச்சாச்சுன்னு சொல்லுங்க, பாய்!"

"மிதிச்சாச்சாம், அண்ணாச்சி!"

"விடச் சொல்லுங்க!"

இப்படியே போயிற்று. பீர் கையை உள்ளே விட்டுப் பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். பஞ்சு மாதிரி அமுங்கியது.

"இன்னா அண்ணாச்சி, காத்து போகவே இல்லியே?"

"போகுது, போகுது. நிறைய இருக்கு போல. இன்னொரு தடவை மிதிக்கச் சொல்லுங்க!"

வெயில் இறங்கியது. பீருக்குத் தொண்டை கட்டியது. மனசுக்குள் திட்டிக்கொண்டார்: 'புருஷனுக்குத் திருகத் தெரியலையா, பெண்டாட்டிக்கு மிதிக்கத் தெரியலையா? ரெண்டும் சேர்ந்து என் லீவு நாளைத் தின்னுட்டுதுங்க!'

"தங்கச்சி, ரயிலுக்கு நேரமாவுது. டாக்சி கூப்பிட்டுக்கினு வரேன்."

"வேண்டாம்!"

சீட்டிலிருந்தும் வேனுக்கு அடியிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது பதில்.

அவள் சமாளித்துக்கொண்டாள். "கூட்டியாந்தவுகதான் கொண்டுவிடணும்."

கீழே இருந்தவரும் விடவில்லை. "வாக்குக் குடுத்தது நானு. நான்தான் கொண்டுவிடுவேன்னு சொல்லுங்க."

பீருக்குப் பொறுமை போய்விட்டது. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேனுக்கு அடியில் தவழ்ந்தார்.

அண்ணாச்சி சுகமாக மல்லாந்து படுத்திருந்தார். ஸ்பேனர் ஒரு பக்கம் கிடந்தது. திருகு இறுக்கமாக மூடியிருந்தது.

"அண்ணாச்சி! இன்னும் தொறக்கவே இல்லியா?"

"உஷ்!" அண்ணாச்சி அவர் வாயைப் பொத்தினார். "புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிட்டேன், பாய். மன்னிப்புக் கேக்க நாக்கு வரமாட்டேங்குது. அவ போயிட்டா இந்த வீட்டுல எனக்கு யாரு இருக்கா? ரயில் கிளம்புற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

பீருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, மேலே உட்கார்ந்து ஒன்றும் தெரியாமல் காலை நோகடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

வெளியே வந்து, சீட்டுப் பக்கம் போனார். "கொஞ்சம் இறங்கி உட்காருங்க, தங்கச்சி. காலு வலிக்கப் போவுது" என்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

அவள் காலுக்குக் கீழே இருந்தது பிரேக் இல்லை. கிளட்ச்.

"ஐயே! தங்கச்சி, இது கிளட்ச்சும்மா! மத்தியானத்துலருந்து இதையா மிதிச்சிக்கினு இருந்தீங்க?"

சண்முகவடிவு சட்டென்று குனிந்து, கீழே இருப்பவர் காதில் விழாதபடி கிசுகிசுத்தாள்.

"மெதுவாப் பேசுங்க, பாய்! அது எனக்குத் தெரியும். ரயிலு போயிட்டுதா, அதை மட்டும் சொல்லுங்க."