வயிறு என்ன நிறம்?

"வயிறு என்ன நிறம்னு கேக்கறாருல்ல, சொல்லேன்ப்பா!" பரிசல்காரர் மருதையிடம் எரிந்து விழுந்தார் செல்லக்கண்ணு.

"பாக்கலீங்க சார்." மருதை துடுப்பைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "தலை வெள்ளையா இருந்துச்சு. கருடாழ்வார்னு கண்ணை மூடிக் கன்னத்துல போட்டுக்கிட்டேன். தெறந்து பாத்தா அக்கரைக்குப் போயிடுச்சு."

ஜீயபுரம் காவிரிக் கரையில், சென்னைப் பறவைச் சங்கத்திலிருந்து வந்திருந்த ஸ்தனிஸ்லாஸ் பேனாவும் கையுமாக நின்றிருந்தார். கடலோரத்தில் வாழும் ஆலா என்ற பெரிய கழுகு திருச்சி வரை வந்ததாகச் செல்லக்கண்ணு கடிதம் எழுதியிருந்தார். உண்மையானால் சங்கத்தின் இதழில் அவர் பெயர் வரும். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் அவருக்கு அது பன்னிரண்டு வருட ஆசை. அதற்குள் கல்லூரி முழுக்கத் தம்பட்டம் அடித்தும் விட்டார் மனிதர்.

"ஆலாவுக்கும் தலை வெள்ளை, கருடனுக்கும் தலை வெள்ளை. ஆலாவுக்கு வயிறும் வெள்ளை, கருடனுக்குச் செம்பழுப்பு. இவ்வளவுதான் விஷயம்" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"கேட்டியா? அபூர்வமான பறவை தலைக்கு மேல பறக்குது, நீ கண்ணை மூடிக்கிட்டே! இந்தக் காலத்துலயும் பருந்தைக் கும்பிட்டா நாடு எப்படிய்யா உருப்படும்?"

கறுப்புச் சட்டைக்காரர் செல்லக்கண்ணு. சனிக்கிழமை தவறாமல் தென்னூரில் மேடையேறி மூடநம்பிக்கையைக் கிழிகிழியென்று கிழிப்பவர். குரலுக்குக் கேட்கவா வேண்டும்? துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மருதையின் முகம் அவமானத்தில் சுண்டிப்போயிற்று.

"அவரை விடுங்க. நீங்களும் அதே பரிசல்லதானே இருந்தீங்க? நீங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்டார் ஸ்தனிஸ்லாஸ்.

செல்லக்கண்ணு வாயைத் திறந்தார். 'வெள்ளை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனம் வரவில்லை.

"எனக்கு... கண்ணுல தூசி விழுந்துடுச்சுங்க."

"ரெண்டு கண்ணுலயுமா?"

ஸ்தனிஸ்லாஸ் கையிலிருந்த படிவத்தின் குறுக்கே கோடு போட்டார்.

"கருடனாத்தான் இருக்கும். இதுக்காகவா என்னை இவ்வளவு தூரம் வரவழைச்சீங்க?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நாளைக்குக் கல்லூரியில் எந்த முகத்தோடு நுழைவது? அதைவிட, மருதையின் முகத்தைப் பார்க்கத்தான் செல்லக்கண்ணுக்குக் கூசியது. ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மருதை பக்கத்தில் வந்து, துவைக்கும் பெண்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"வருத்தப்படாதீங்க சார். அன்னிக்கு நான் கண்ணைத் தெறந்தப்ப, நீங்க இன்னும் கண்ணை மூடிக் கன்னத்துல போட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க. செத்தாலும் வெளியில சொல்ல மாட்டேங்க."