மாத்திரை இல்லாத சிறுநீர்

அரசு போதை மீட்பு மையத்தின் கவுன்ட்டரில் மின்விசிறி காற்றே தராமல் சத்தம் மட்டும் போடுகிறது. வலி மாத்திரைக்கு அடிமையான தம்பி, சில நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தொடாமல், பெஞ்சில் சுருண்டு நடுங்குகிறான். அவனுடைய அக்கா கவுன்ட்டர் கண்ணாடியில் முகத்தை ஒட்டி நிற்கிறாள். “சிறுநீர்ல மாத்திரையே இல்லையேம்மா. இருந்தாத்தான் சேர்க்கமுடியும், மேலிடத்து உத்தரவு,” என்கிறார் குமாஸ்தா, ஸ்டேப்ளரைத் தட்டியபடி. “விட்டதாலதான் சார் இப்படித் துடிக்கிறான்! கண்ணால பாருங்க.” “நான் பாத்து என்னம்மா ஆகப்போகுது? டெஸ்ட்ல தெரியணுமே.” அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “அப்ப என்ன, வெளிய போய் ஒண்ணு போட்டுட்டு வரச் சொல்றீங்களா?” குமாஸ்தா முதல்முறையாக நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். “லேப் ஒரு மணிக்கு மூடிருவாங்கம்மா.” பெஞ்சில் தம்பி மெல்ல எழுந்து, காலால் செருப்பைத் துழாவுகிறான்.