கலங்கிய குளத்தில் ஒரு கொக்கு

குளம் கலங்கிப் போனதிலிருந்து கொக்குக்குத் தண்ணீருக்குள் ஒன்றும் தெரியவில்லை. துப்பு சொல்ல ஒரு தட்டானையும் ஒரு நண்டையும் வைத்துக்கொண்டது.

தண்ணீர் லேசாக அசைந்தாலே, "அண்ணே, அதோ மீன்!" என்று தட்டான் கத்தும். கொக்கு பாய்ந்து கொத்தினால் பாதி நேரம் அலகில் சருகுதான் வரும்.

"என்னப்பா இது?"

"சட்டுனு சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். சரியா வேணும்னா நண்டைக் கேளுங்க."

நண்டு சேற்றில் இறங்கி, மீனைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கரையேறும். "கெண்டைதான் அண்ணே. உங்க இடது காலுக்கு ஒரு சாண் தள்ளி." பொய்யே கிடையாது. ஆனால் அது வந்து சொல்வதற்குள் கெண்டை அக்கரைக்குப் போயிருக்கும்.

அலுத்துப்போன கொக்கு, இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால்தான் இனிக் கொத்துவது என்று முடிவு செய்தது. காத்துக்கொண்டே நின்றது. மீன்கள் அதன் கால்களுக்கு நடுவே போய்வந்தன. பசியில் கால் துவண்டு, ஒருநாள் சேற்றில் சாய்ந்தது.

"அண்ணன் செத்துட்டாரு!" தட்டான் குளம் முழுக்கக் கத்தியது.

கொக்குக்கு இன்னும் உயிர் இருந்தது. இல்லையப்பா என்று சொல்ல அலகைத் திறந்தது, குரல் வரவில்லை.

பொழுது சாயும்போது நண்டு வந்து, கழுத்தைத் தொட்டுப் பார்த்தது.

"ஆமா, செத்துட்டாரு."

இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னது அதுதான் முதல் தடவை.